பழைய கணினி நூல்களையும் அரசியல் நூல்களையும் உரியவரிடம் சேர்ப்பது எப்படி?

பல ஆண்டுகளாக வீட்டு அலமாரியில் சேர்ந்துவிட்ட நூல்களைப் பிறருக்குக் கொடுக்க நினைப்பவர், முதலில் கணினி நூல்களையும் அரசியல் நூல்களையும் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கணினி நூல்கள் பழசாக ஆகப் பயனிழக்கின்றன. அரசியல் வெளியீடுகளோ பழசாக ஆக ஆவணமாகின்றன. எனவே இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஆள் தேடுவது வீண்வேலை.

டாஸ், விண்டோஸ் 95, ஃபாக்ஸ்புரோ போன்ற பழைய மென்பொருள்களைக் கற்றுத்தரும் தடித்த நூல்களைப் பொது நூலகங்கள் விரும்பி ஏற்பதில்லை. அவற்றைக் கிராமத்துப் பள்ளிக்கு நன்கொடை என்று அனுப்புவது, பழைய பேப்பர் கடைக்குப் போகவேண்டிய சுமையைத் தலைமையாசிரியர் தலையில் கட்டுவதாகவே முடியும். தரவுக் கட்டமைப்பு, இயங்குதளக் கோட்பாடு, சி மொழி ஆகியவற்றின் பாடநூல்கள் அப்படியல்ல; பொறியியல் மாணவர் எவரும் அவற்றை இன்றும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். தமிழில் வந்த கணினி நூல்களை மட்டும், எவ்வளவு பழையவையானாலும், எடைக்குப் போட்டுவிடக் கூடாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்கும் 2010இல் தமிழக அரசு யூனிகோடு என்னும் பொதுக் குறியேற்றத்தை (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறையை) ஏற்றதற்கும் இடையில், டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியேற்றத்தோடு தமிழ் தட்டச்சு செய்யப்பட்ட காலத்துக்கு அவை சான்றுகள்.

அரசியல் நூல்களில் கூடுதல் நிதானம் தேவை. இன்றும் மறுபதிப்பாகும் நூல்களைப் படிப்பகங்களுக்கோ ஆர்வமுள்ள இளைஞர்களுக்கோ தயங்காமல் கொடுத்துவிடலாம். ஆனால் பல தொகுதிகளாக வந்தவற்றைப் ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக் கொடுத்தால் பெறுபவர் எவருக்கும் பயனிராது. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பக நூல்கள், சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகு அங்கிருந்து வருவது நின்றுபோனதால், அவற்றைத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவற்றினும் அரியவை மாநாட்டு மலர்கள், தேர்தல் அறிக்கைகள், காசுக் கணக்கில் விலை போட்ட துண்டு வெளியீடுகள். நடுவில் துருப்பிடித்த கம்பி குத்திய பதினாறு பக்கத் தாளைக் குப்பை என்று எண்ணிவிடுகிறோம். அதன் இன்னொரு படி எங்கும் இல்லாமற்போகவும் கூடும். இவற்றை வைத்திருப்பவர், 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவண நூலகங்களிடம் முதலில் கேட்க வேண்டும். இலங்கைத் தமிழர் அரசியல் வெளியீடுகளாக இருந்தால், அவற்றை எண்ணிமப்படுத்தி, அதாவது கணினிக் கோப்புகளாக்கி, காக்கும் ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனத்துக்குத் தெரிவிப்பது நல்லது.

மூட்டை கட்டிக்கொண்டு நேரே போய் நிற்பது எந்த நூலகத்துக்கும் உவப்பானதல்ல. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, நூலின் நிலை ஆகியவற்றை எழுதிப் பட்டியலாக அனுப்பி, அவர்கள் கேட்பவற்றை மட்டும் கொடுக்க வேண்டும்.

கொடுக்கும் முன் ஒவ்வொரு நூலையும் விரித்துத் தட்டிப் பார்ப்பது கட்டாயம். கணினி நூலின் பின்னட்டை உறையில் உள்ள குறுந்தகடு வெளியீட்டாளருடையதா, நாம் கோப்புகளைப் பதிந்து செருகியதா என்று பார்க்க வேண்டும். அரசியல் நூல்களுக்குள் கட்சி நிதி ரசீது, தோழர்களின் முகவரி எழுதிய சீட்டு, சொந்தக் கடிதம் எல்லாம் இருக்கும். பிறர் பெயர் உள்ள தாள்களை எடுத்துவிட வேண்டும். ஓரக்குறிப்புகளை அழிக்க வேண்டியதில்லை. ஆய்வாளருக்கு அவையும் தேவைப்படும்.

வெளியூர்க்காரருக்கு அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவை மலிவானது. தொடங்கியபோது 300 கிராமுக்கு 20 ரூபாயும் 5 கிலோவுக்கு 100 ரூபாயும், வரி நீங்கலாக, கட்டணமாக இருந்தன. அச்சகத்தின் அல்லது பதிப்பகத்தின் பெயர் நூலில் இருக்க வேண்டும். இதழ்களை இதில் அனுப்ப இயலாது. கரையான் ஏறிய நூல்களை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாமல், அன்றே தனியே அகற்றிவிட வேண்டும்.