அரேயிலிருந்து மதிப்புகளை அதே இடத்தில் நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அரேயில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) ஒரு குறிப்பிட்ட மதிப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் நீக்க வேண்டும். புது அரே எடுக்கக் கூடாது. சின்ன வேலைதான். ஆனால் புதிதாக வருபவர்களின் கோடில், முன்பு நாங்கள் எல்லாரும் செய்த அதே தவறுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எடிட்டரே சுட்டிக்காட்டிவிடும் எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன்.

முன்னோக்கிப் போய்க்கொண்டே நீக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

4, 7, 7, 2, 7 என்ற அரேயில் 7-ஐ நீக்க வேண்டும். உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப்போகும் லூப், 1-வது இன்டெக்ஸில் (இட எண்; 0-இல் தொடங்கும்) 7-ஐக் கண்டு நீக்குகிறது. உடனே பின்னால் இருந்தவை எல்லாம் ஓர் இடம் முன்னே நகர, அடுத்த 7 அதே 1-வது இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. லூப்போ 2-க்குப் போய்விட்டது. கடைசியில் மிஞ்சுவது 4, 7, 2. பைத்தானில், மதிப்பைச் சொல்லி நீக்கும் ரிமூவ் போட்டால் 4, 2, 7 என்று வரும். அது எப்போதும் முதலில் அகப்படும் 7-ஐ நீக்குவதால், தப்பிக்கிற 7 வேறு இடத்தில் இருக்கும்.

இது பிடிபடாமல் தப்பிக்கிற விதம்தான் கொடுமை. 7, 1, 7, 2 என்று கொடுத்துச் சோதித்தால் 1, 2 என்று சரியான விடையே வரும். ஒரே மதிப்பு அடுத்தடுத்து வந்தால்தான் குட்டு உடையும். குறுஞ்செய்தி வேண்டாம் என்றவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் ஒரு நிரல் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. அப்புறம் யாரோ அதற்கு முந்தின படியில், பட்டியலை நிலைவாரியாக அடுக்கும் ஒரு வரியைச் சேர்த்தார். வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் பக்கம் பக்கமாக வந்துவிட, அவர்களில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. பழி முழுக்க அந்தப் புதிய வரியின் மேல்!

இதற்குப் போடும் ஒட்டு இன்னும் மோசம்: லூப்பை இரண்டு தடவை ஓட்டுவது. நான்கு 7 வரிசையாக இருந்தால் முதல் ஓட்டத்தில் இரண்டு மிஞ்சும், அடுத்ததில் ஒன்று. எட்டு இருந்தால் எத்தனை தடவை ஓட்டுவீர்கள்?

ஜாவாவில் ஃபார்-ஈச் (ஒவ்வோர் உறுப்பாக எடுத்துத் தரும்) லூப்புக்குள் அரேலிஸ்ட் என்ற பட்டியலிலிருந்து நீக்கினால் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) வந்துவிடும், நாம் தப்பித்தோம் என்பார்கள். கடைசிக்கு முந்தின உறுப்பை நீக்கினால் அதுவும் வராது. 4, 7, 7 கொடுத்துப் பாருங்கள். நீளம் குறைந்ததும் பட்டியல் முடிந்துவிட்டதாக எண்ணி லூப் நின்றுவிடும். ஒரு 7 சத்தமில்லாமல் அங்கேயே இருக்கும்.

பின்னாலிருந்து வந்தால் விடை சரியாக வரும். ஆனால் ஒவ்வொரு நீக்கலுக்கும் நகர்த்தல் உண்டு. லட்சம் உறுப்புகளில் ஒன்றுவிட்டு ஒன்று போக வேண்டும் என்றால் சுமார் 125 கோடி நகர்த்தல்கள். ஆகவே இரண்டு இன்டெக்ஸ் வையுங்கள்: படிக்க ஒன்று, எழுத ஒன்று. படிப்பது ஒவ்வொரு தடவையும் ஓர் இடம் நகரும். வேண்டிய மதிப்பு என்றால் எழுதும் இடத்தில் போட்டு அதையும் நகர்த்துங்கள். வேண்டாதது என்றால் எழுதும் இன்டெக்ஸ் அசையக் கூடாது. முடிவில் அது நிற்கும் எண்தான் புதிய நீளம். ஒரே ஓட்டம், வரிசையும் கலையாது.

வாலை வெட்ட மறப்பது

அந்த இரண்டு இன்டெக்ஸ் முறையில் நம் அரே 4, 2, 7, 2, 7 என்று முடியும். முதல் இரண்டுதான் விடை. மீதி பழைய மிச்சம். சி பிளஸ் பிளஸ்ஸின் ரிமூவ் செய்வதும் இதையே. அது நீளத்தைக் குறைக்காது, புதிய முடிவைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரேஸ் போட்டு வாலை வெட்டுவது உங்கள் பொறுப்பு. சி பிளஸ் பிளஸ் 20-இல் தனி இரேஸ் ஒன்றே இரண்டையும் செய்துவிடும்.

ஃபில்டர் செய்து பழைய பெயரிலேயே வைப்பது

ஃபில்டர் வேண்டியவற்றை மட்டும் பொறுக்கித் தருவது புது அரே. பழையதை வேறொரு மாறி பிடித்துக்கொண்டிருந்தால், அங்கே 7 அப்படியே இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் டிலீட்

ஓட்டைதான் விழும், நீளம் குறையாது. வேண்டாம்.

கடைசி உறுப்பைக் கொண்டுவந்து நிரப்புவது

நீக்கிய இடத்தைக் கடைசி உறுப்பால் நிரப்புவதை, வரிசை முக்கியமில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம், வேகமும்கூட. ஆனால் கொண்டுவந்ததும் 7-ஆக இருக்கலாம். அதே இன்டெக்ஸை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.