கிரீன் லேனில் வண்டி ஓட்ட: முதலில் மேப், அப்புறம் சாவி

ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்கியாச்சு, டயரும் மாற்றியாச்சு, வயல்களுக்கு நடுவே ஒரு மண் பாதை நீளமாகப் போகிறது, கேட்கூட இல்லை. ஓட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி, எத்தனை டயர்த் தடம் கிடந்தாலும் சரி, அது உங்கள் வண்டிக்கு உரிமை தராது. அந்தத் தடம் பெரும்பாலும் விவசாயியின் டிராக்டருடையதுதான்.

'கிரீன் லேன்' என்பதே இப்படித் தார் போடாத கிராமப் பாதைகளுக்கான பேச்சுவழக்குப் பெயர், சட்டத்தில் அதற்குப் பொருள் கிடையாது. சட்டம் பார்ப்பது பொதுவழிகளின் நான்கு வகைகளை. ஃபுட்பாத் நடப்பவர்களுக்கு, பிரைடில்வே அவர்களோடு குதிரைக்கும் சைக்கிளுக்கும். ரிஸ்ட்ரிக்டெட் பைவே என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: பெயரில் பைவே இருக்கிறது, குதிரை வண்டிகூடப் போகலாம், மோட்டார் வண்டி மட்டும் கூடாது. நமக்கென்று இருப்பது 'பைவே ஓப்பன் டு ஆல் டிராஃபிக்', சுருக்கமாக 'போட்'. மொத்தப் பொதுவழிகளில் இது சுமார் 2 சதவீதம்தான். வழிகாட்டிக் கம்பத்தில் அம்புக்குறி மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நீலம் பிரைடில்வே, ஊதா ரிஸ்ட்ரிக்டெட் பைவே, சிவப்பு போட்.

கம்பத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். ஓ.எஸ். (ஆர்ட்னன்ஸ் சர்வே, அரசின் வரைபட நிறுவனம்) எக்ஸ்ப்ளோரர் மேப்பை (1:25,000) விரித்து, பச்சைக் கூட்டல் குறிகள் வரிசையாக ஓடும் கோட்டைத் தேடுங்கள், அதுதான் போட். ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது கவுன்சில் வைத்திருக்கும் 'டெஃபினிட்டிவ் மேப்', அதாவது பொதுவழிகளின் அதிகாரப்பூர்வ வரைபடம். ஓ.எஸ். மேப் அச்சான பிறகு டெஃபினிட்டிவ் மேப்பில் ஏதாவது மாறியிருக்கலாம், அதனால் கவுன்சில் இணையதளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய மேப்பும் பழைய வழிகாட்டிப் புத்தகமும் ரொம்ப ஆபத்து: இங்கிலாந்தில் 2006 மே 2 அன்று அமலுக்கு வந்த சட்டம், சில விலக்குகள் போக, போட் என்று பதிவாகாத வழிகளில் இருந்த மோட்டார் உரிமைகளை ஒரே அடியாக நீக்கிவிட்டது. வேல்ஸிலும் அதே ஆண்டு நவம்பரில் இதே கதை.

அதே மேப்பில் பச்சைப் புள்ளிகளாகச் சில பாதைகள் தெரியும். பொதுமக்களுக்கு ஏதோ ஓர் உரிமை உண்டு, என்ன உரிமை என்று மேப் சொல்லாது. பல 'அன்கிளாசிஃபைட்' (வகைப்படுத்தாத) கவுன்டி ரோடுகள் இப்படித்தான் இருக்கும். கவுன்சிலின் 'லிஸ்ட் ஆஃப் ஸ்ட்ரீட்ஸ்' பட்டியலில் பெயர் இருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அந்தப் பட்டியல் பராமரிப்பு யார் பொறுப்பு என்று காட்டுவது, வண்டி உரிமைக்கு அது மட்டும் சாட்சியாகாது. பொதுவழி அதிகாரிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். நானாக இருந்தால் பதில் வரும்வரை அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

போட்டாகவே இருந்தாலும் 'டிராஃபிக் ரெகுலேஷன் ஆர்டர்' என்ற தடை உத்தரவு போட்டு மூடியிருக்கலாம், சில இடங்களில் குளிர்காலத்துக்கு மட்டும். சிவப்பு வட்டத்துக்குள் காருக்கு மேல் மோட்டார் சைக்கிள் பறப்பது போன்ற பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள்.

வண்டி விஷயம் எளிது: போட்டும் சாலைதான். வரி, இன்சூரன்ஸ், தேவையென்றால் எம்.ஓ.டி. (வருடாந்திர வாகனச் சோதனைச் சான்று), லைசென்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும், சேறு அப்பியிருந்தால் பிளேட்டைத் துடைத்துவிட்டுத் தார்ச்சாலைக்கு ஏறுங்கள்.

பாதையை விட்டு அனுமதியில்லாமல் வயலில் இறங்கினால் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி குற்றம். 'சாலையிலிருந்து 15 கெஜம் வரை ஓட்டலாமே' என்று ஒருவராவது சொல்வார். அந்தச் சலுகை சாலையோரம் வண்டியை நிறுத்துவதற்கு மட்டும், அதுவும் நிலத்துக்காரர் அனுமதித்ததாக ஆகாது. இப்படி ஓட்டி மற்றவர்களுக்குத் தொல்லையும் கொடுத்தால் 2002 போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின்படி வண்டியையே எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஒரு குழுவில் நான்கு வண்டிக்கு மேல் வேண்டாம். குதிரை எதிரே வந்தால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். கேட் இருந்தபடியே இருக்கட்டும், மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் விடுங்கள். நல்ல மழைக்கு மறுநாள் போகாதீர்கள், பள்ளம் விழுந்த பாதையைக் காட்டித்தான் அடுத்த தடை உத்தரவைக் கேட்பார்கள். போட்டில் யாராவது கட்டை போட்டு மறித்திருந்தால் தள்ளிவிட்டுப் போகாமல் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள், அதை அகற்ற வைப்பது அவர்கள் வேலை.

ஸ்காட்லாந்துக்கு இதில் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே சட்டமே வேறு, 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் தாராளமான நடமாட்ட உரிமையில் மோட்டார் வண்டி சேராது.