பழைய அவுட்போர்டில் கம்ப்ரஷன் குறைவா? ஹெட்டைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

கயிறு இழுத்தால் கை லேசாகப் போகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக இருபது முப்பது இழுப்பு கேட்கிறது. வலையும் ஆளும் ஏறினால் படகு முன்பு போல எழும்புவதில்லை. இப்படி ஒரு அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் என்ஜின்) வந்தால் கரையில் நிற்பவர்கள் உடனே சொல்வது, "கம்ப்ரஷன் போயிடுச்சு, ஹெட்டைக் கழட்டு" என்பதுதான். கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், ஹெட் என்றால் சிலிண்டரின் மூடி. கழற்ற ஆரம்பிப்பது சுலபம். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் உப்புத் தண்ணீரில் ஓடிய என்ஜினில் ஒரு ஹெட் போல்ட் உள்ளேயே முறிந்தால், அதைத் துளை போட்டு எடுப்பதற்குள் தொழிலுக்குப் போகிற நாட்கள் போய்விடும். முதலில் அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

நான் சொல்வது இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு. இதில் ஹெட்டில் வால்வு கிடையாது. அதனால் காற்று கசிய வழிகள் சிலதான்: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், கீறல் விழுந்த போர் (சிலிண்டரின் உட்சுவர்) அல்லது பிஸ்டன், ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள தகடு). எந்த வழி என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

தயார் செய்வது

கம்ப்ரஷன் கேஜ் (அழுத்தம் அளக்கும் கருவி) வாங்கும்போது மரை உள்ளதாக வாங்குங்கள். பெரும்பாலான பழைய அவுட்போர்டுகளில் ஸ்பார்க் பிளக் மரை 14 மில்லிமீட்டர். ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கிற கேஜை நான் ஆரம்பத்தில் வைத்திருந்தேன். அது ஓரத்தில் கசிந்து குறைவாகக் காட்டியதை நம்பி, நல்ல என்ஜின் ஒன்றின் ஹெட்டைக் கழற்றியிருக்கிறேன். அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

என்ஜினைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது, இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) கருகிவிடும். ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் குளிர்ந்தபடியே அளக்கலாம், எண் கொஞ்சம் குறைவாக வரும்.

அளப்பது

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை உருவி எடுத்துவிடுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒயரோடு மாட்டி, என்ஜின் உடம்பில் தொட்டபடி ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். பிளக் ஓட்டை வழியாக பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும். அங்கே ஒரு பொறி போதும்.

அடுத்து த்ராட்டில். இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். காற்று உள்ளே போகாமல் கம்ப்ரஷன் ஏறாது. பல மாடல்களில் நியூட்ரலில் கைப்பிடி பாதிக்கு மேல் திரும்பாது. அப்போது கார்பரேட்டரில் இருக்கும் த்ராட்டில் லிவரைக் கையால் முழுதாகத் திறந்து பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். காற்றை அடைக்கும் சோக் மூடியிருக்கக் கூடாது.

இப்போது கேஜை மேல் சிலிண்டரில் மாட்டி, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை கயிறை ஒரே வேகத்தில் இழுங்கள். ஆறேழு இழுப்பு போதும். எண்ணை எழுதிவிட்டு, கீழ் சிலிண்டரிலும் அதே ஆள் அதே எண்ணிக்கை இழுக்கட்டும். இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால்தான் அதை நம்பலாம்.

எண் என்ன சொல்கிறது

பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் 90 முதல் 130 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை சாதாரணமாகப் பார்க்கலாம். கேஜுக்குக் கேஜ் மாறும் என்பதால், எண்ணை விட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. 105-க்கு 100 நல்லது. மேலே 105, கீழே 70 என்றால் கீழ் சிலிண்டர் நோயாளி.

கன்னியாகுமரிக் கரையில் ஓடுகிற மண்ணெண்ணெய் என்ஜின்களை பெட்ரோல் என்ஜினோடு ஒப்பிடாதீர்கள். மண்ணெண்ணெய்க்காக அவற்றின் கம்ப்ரஷனையே குறைத்துத்தான் செய்திருப்பார்கள். அதே மாடல் நல்ல என்ஜின் பக்கத்தில் இருந்தால், அதே கேஜால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள்.

இரண்டுமே ஒரே அளவு குறைவாக வந்தால், த்ராட்டில் திறந்திருந்ததா, கேஜ் இறுகியிருந்ததா என்று மறுபடி பாருங்கள். அதெல்லாம் சரி என்றால், இரண்டு சிலிண்டரின் ரிங்கும் சேர்ந்து தேய்ந்திருக்கலாம், அல்லது இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

எண்ணெய் விட்டுப் பார்ப்பது

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் கசிகிறது, ஏறாவிட்டால் கேஸ்கட் என்பது கணக்கு. ஆனால் அவுட்போர்டில் சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது. விட்ட எண்ணெய் அடிப்பக்கம் போய்த் தேங்கும், ரிங்கின் மேல் பாதியைத் தொடாது. அதனால் வளைந்த மூக்குள்ள ஆயில் கேனால் மேல் சுவரில் படும்படி அடித்து, கயிறை இரண்டு முறை மெதுவாக இழுத்துப் பரவவிட்டு, பிறகு அளங்கள். அதிகம் விட்டால் எண்ணெயே இடத்தை அடைத்துப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

கேஸ்கட்டுக்கு வேறு சாட்சிகளும் உண்டு. பிளக் முனையில் தண்ணீர்த் துளியோ துருவோ இருக்கும், அல்லது ஒரு பிளக் மட்டும் கழுவியது போல வெளுத்திருக்கும். ஹெட் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால், வெளியே கசியும் இடத்தில் குமிழி வரும்.

உள்ளே ஒரு பார்வை

போனில் செருகும் குட்டி கேமரா இருந்தால் பிஸ்டனைக் கடைசி வரை பின்னால் இறக்கி, பிளக் ஓட்டை வழியே சுவரைப் பாருங்கள். மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் போர் நல்ல நிலை. பிஸ்டன் போகும் திசையில், முக்கியமாக எக்ஸாஸ்ட் ஓட்டையை ஒட்டி, நீளக் கீறல் இருந்தால் பிஸ்டன் உரசியிருக்கிறது. அது போர் வேலைக்குப் போக வேண்டிய என்ஜின்.

கீறல் இல்லை, எண்ணெய் விட்டதும் ஏறியது என்றால் பெரும்பாலும் ரிங் கரியில் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயும், பைக்குக்கு விற்கிற மலிவான டூ ஸ்ட்ரோக் ஆயிலும் இதற்குப் பெரிய காரணம். கரி கரைக்கும் ஸ்ப்ரேயை பிளக் ஓட்டையில் அடித்து ஒரு இரவு ஊறவிடுங்கள். காலையில் பிளக் மாட்டும் முன்பே கயிறை இழுத்து, தேங்கியதை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரவம் அடைத்து கனெக்டிங் ராடே வளையலாம். பிறகு டிரம்மில் கால் மணி நேரம் ஓட்டுங்கள், புகை நிறைய வரும். புது பிளக் போட்டு மறுபடி அளங்கள். மேலே சொன்னது போல 70 காட்டிய ஒரு என்ஜின் இப்படித்தான் 95-க்கு வந்து, ஹெட்டைத் தொடாமலே கடலுக்குப் போனது.

ரிங் ஒட்டியிருந்தால் இம்பெல்லரையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஓட்டம் குறைந்து சூடேறும் என்ஜினில் கரி மறுபடி பிடிக்கும். ஆயில் டிசி-டபிள்யூ3 (TC-W3, தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான தரம்) வகையாக இருக்கட்டும்.

கடைசியாக, அளந்த இரண்டு எண்ணையும் தேதியோடு மேல்மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே கேஜால் அளந்து இதோடு ஒப்பிடலாம்.