ஏணியில் ஏறும் முன் விளக்குச் சரத்தை எரியவிட்டுப் பாருங்கள்

பண்டிகைக்கு வீட்டு முகப்பில் சீரியல் விளக்கு போடப் போகிறீர்களா? முதலில் சரத்தைத் தரையில் நீளமாக விரித்து, பத்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். உறை கிழிந்து செம்புக் கம்பி தெரிந்தால், டேப் சுற்றிச் சமாளிக்காமல் அந்தச் சரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லா வண்ணங்களையும் அள்ளிப் போட்டால் எதுவுமே எடுபடாது. கூரை விளிம்புக்கும் ஜன்னலுக்கும் இளமஞ்சள், செடிகளுக்கு மட்டும் சிவப்பும் பச்சையும் என்று பிரித்துப் போடுங்கள். இருட்டில் வீட்டின் வடிவம் அத்தனை அழகாகத் தெரியும். மரத்தில் சுற்றும்போது பிளக் முனை அடியில் இருக்கட்டும்.

வெளியே மாட்ட எல்இடி சரம்தான் நல்லது. மின்சாரமும் குறைவு, சூடும் குறைவு. பெட்டியில் ஐபி44 (தூசும் தண்ணீரும் உள்ளே புகாமல் எந்த அளவுக்குக் காக்கும் என்று சொல்லும் குறியீடு) அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இதில் இரண்டாவது 4, தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதைக் குறிக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வெளியில் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். அதைத் தரையில் போடாதீர்கள். பிளக்குக்குச் சற்று முன்னால் வயரைக் கீழே தொங்கும் வளைவாக விடுங்கள். வயரில் வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது.

அப்புறம், ஆணி வேண்டாம். பிளாஸ்டிக் கிளிப் போதும்.