கிழித்த காலண்டர் தாளும் இரண்டு டாக்டர்களும்

ஐந்து வருடத்தில் ஐந்து டைரி வாங்கினேன். எதிலும் ஜனவரி 6-ஐத் தாண்டி எழுத்து இல்லை. ஏடிஎச்டி (கவனமும் ஞாபகமும் சின்ன வயதிலிருந்தே நிலையாக நிற்காத மூளை அமைப்பு) உள்ளவளிடம் போய் "தினமும் டைரி எழுதுங்கள்" என்பது, முட்டி தேய்ந்தவளை மாடி ஏறி வந்து மருந்து வாங்கிக்கொள்ளச் சொல்வது மாதிரி. ஆனாலும் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிரந்தரமாக நிற்பது, நெருங்கும் காலத்தில் உடம்பையும் மனதையும் குறித்து வைக்காமல் டாக்டரிடம் போனால் வேலைக்கு ஆகாது. டைரி எழுத வராத நான் அதை எப்படிச் செய்தேன், அதை வைத்து என்ன பேசினேன் என்று சொல்கிறேன்.

எனக்கு வயது 48. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்குக் கடைசி நாள். இந்த இரண்டு தேதிகளின் பயத்தில்தான் என் மூளை ஓடிக்கொண்டிருந்தது. பயம் வந்தால் மூன்று நாள் வேலையை ஒரே ராத்திரியில் முடிப்பேன். வராவிட்டால் டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 44 வயதில் அந்தப் பயமும் கைவிட்டது. ஒரு மஞ்சள் மண்டிக்காரரின் ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டேன் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். இரவு இரண்டரைக்கு நைட்டி நனைந்து விழிப்பு வரும். மாதவிடாய் ஒரு தடவை 24 நாளில், அடுத்த தடவை 50 நாளில். மிக்ஸி ஓடினால் அழுகை.

அப்போது நான் செய்த தப்பு, உடம்புக்கு ஒரு டாக்டர், மனதுக்கு ஒரு டாக்டர் என்று பிரித்துக்கொண்டு போனது. மகப்பேறு மருத்துவர் "வயசு ஆகுதில்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். மாதவிடாய் பற்றி ஒரு கேள்வி இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி பார்த்தார்கள், மீதிப் பாதியை நானும் சொல்லவில்லை. பிறகு என் மகனை ஏடிஎச்டி பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது அந்த டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார். எனக்கும் ஏடிஎச்டி என்ற விஷயம் 46 வயதில் தெரிய வந்தது அப்படித்தான்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுசாக ஆகிவிட்டால்தான் மெனோபாஸ் என்பார்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் அது வருகிறது. மேற்கு நாடுகளில் 51 வாக்கில். அதற்குச் சில வருடம் முன்னாலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் அளவு ஆட ஆரம்பித்துவிடும். சீராக இறங்கினால்கூடச் சமாளிக்கலாம், அது ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்குகிறது. மூளையில் கவனத்துக்கும் மனநிலைக்கும் உதவும் டோபமைன், செரடோனின் என்ற இரண்டு ரசாயனங்களின் வேலையிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. ஏடிஎச்டி மூளைக்கு டோபமைன் விஷயத்தில் ஏற்கெனவே இழுபறி. அதனால்தான் போல, 40 வயது வரை பட்டியல் போட்டும் பயந்தும் ஒப்பேற்றியவர்கள் திடீரென்று சரிகிறோம். ஆட்டிசம் உள்ள பெண்களுக்கும் இதே கதைதான். பிரிட்டனில் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடமே கேட்டு 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சத்தம், வெளிச்சம், கூட்டம் எல்லாம் முன்பைவிடத் தாங்க முடியாமல் போனதை அந்தப் பெண்கள் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இனி செய்முறை. எங்கள் வீட்டுச் சுவரில் மளிகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. தாள் கிழிப்பது என் வேலை. இருபது வருடமாக மறக்காமல் செய்கிற ஒரே வேலை அது என்றுகூடச் சொல்லலாம். புதுப் பழக்கம் எதுவும் வேண்டாம், இருக்கிற பழக்கத்தின் முதுகில் ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கவிட்டேன். காலையில் கிழிக்கிற தாள் நேற்றைய தாள். அதன் பின்பக்கத்தில் நேற்றைய கணக்கை எழுதி, கீழே இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். அரை நிமிஷம்கூட ஆகாது. ஒரு தாளை அப்படியே காட்டுகிறேன்:

"தூ 4. வே 3. எ 4. ம: பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருச்சு, ஓடிபி வந்ததும் எதுக்குன்னு மறந்துட்டேன். மா இல்லை, 31-வது நாள்."

தூ என்பது தூங்கிய மணி, வே எத்தனை தடவை வேர்த்துக்கொட்டியது, எ எரிச்சல் (பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை), ம மறதி, மா மாதவிடாய். மறதிக்கு மட்டும் எண் போடாமல் நடந்ததை எழுதுங்கள். "ஞாபக மறதி இருக்கு" என்றால் எந்த டாக்டரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். "கேஸ் திறந்திருந்தது தெரியாமல் கடைக்குப் போய்விட்டேன்" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். இடையில் நாலு நாள் விட்டுப்போனால் விட்டதுதான், உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். அதே தாளின் முன்பக்கத்தில் ராகு காலமும் நல்ல நேரமும் இருக்கும். என் நாளை முடிவு செய்வது முந்தின ராத்திரித் தூக்கம்தான் என்பது இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது.

என் சிநேகிதி ஒருத்திக்கு ஆட்டிசம். "எரிச்சல் எவ்வளவு?" என்று கேட்டால் அவளுக்குப் பதில் வராது. தனக்குள் என்ன நடக்கிறது என்று பிரித்துச் சொல்வது அவளுக்குக் கஷ்டம். அதனால் அவள் மனநிலையை விட்டுவிட்டு, செய்ததை எழுதுகிறாள். விளக்கை அணைத்துவிட்டு எத்தனை தடவை படுத்தாள், எத்தனை போனை எடுக்கவில்லை, எந்தச் சேலையைப் பாதியில் அவிழ்த்து மாற்றினாள். போன வருடத் தாளோடு சேர்த்துப் பார்த்தபோது அவளுக்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

மூன்று மாதத் தாள் சேர்ந்ததும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். (ஃபேனை நிறுத்திவிட்டு. அனுபவம்.) எனக்கு மாதவிடாய்க்கு முந்தின வாரம்தான் தூ குறைகிறது, எ ஏறுகிறது, அந்த வாரம்தான் ரிட்டர்னும் தப்புகிறது. அதை ஒரே பக்கத்தில் எழுதி, அதே பக்கத்தை இரண்டு டாக்டர்களிடமும் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தின் முதல் வரி ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். இது புதுசாக வந்ததா, இருந்தது அதிகமானதா? ஏடிஎச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே அடையாளம் இருந்திருக்க வேண்டும். பழைய ரேங்க் கார்டைத் தேடுங்கள், அம்மாவைக் கேளுங்கள். என் அம்மா யோசிக்கவே இல்லை, "ஒரு மழைக்காலத்துல மூணு குடை தொலைச்சவ நீ" என்றார். நாற்பதுக்கு மேல்தான் எல்லாமே ஆரம்பித்தது என்றால் முதலில் ஹார்மோன், தூக்கம், தைராய்டு பக்கம் பார்ப்பதுதான் முறை.

பரிசோதனையில் தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் பி12, சர்க்கரை இவற்றைக் கேட்டுப் பாருங்கள். இவற்றில் எது கெட்டாலும் இதே அசதியும் மறதியும் வரலாம். 45 வயதுக்கு மேல் எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ஒரு தடவை பார்த்து "நார்மல், உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று அனுப்பினால் ஏற்காதீர்கள். அந்த அளவு நாளுக்கு நாள் மாறும். அந்த வயதில் அறிகுறிகளை வைத்தே முடிவு செய்யலாம் என்றுதான் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

மருந்தில் நான் டாக்டர் இல்லை, கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மகப்பேறு மருத்துவரிடம், ஹார்மோன் சிகிச்சை எனக்கு ஒத்துவருமா என்று நேரடியாகக் கேளுங்கள். மார்பகப் புற்று, ரத்தம் உறைந்த கதை, கல்லீரல் கோளாறு, ஒற்றைத் தலைவலி எது இருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத்தான் தருவார்கள். அது சிலருக்கு மனதை அழுத்தும். அப்படியானால் வகையை மாற்ற முடியுமா என்று கேட்கலாம். ஏடிஎச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் எடுப்பவர்கள் பிபியும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த மருந்து இரண்டையும் ஏற்றும். மெனோபாஸ் நெருங்கும்போது வருகிற படபடப்பும் அதோடு கலந்தால் எது எது என்று தெரியாது. மாதவிடாய்க்கு முந்தின வாரம் மாத்திரை வேலை செய்யாத மாதிரி இருந்தால் தாளைக் காட்டிச் சொல்லுங்கள், நீங்களாக ஒன்று கூடப் போட்டுக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தினேன். நாலு நாள் தலை சுற்றிப் படுத்துக் கிடந்தேன்.

"தொந்தரவா இருந்தா கர்ப்பப்பையை எடுத்துடலாமே" என்று யாராவது சுலபமாகச் சொன்னால், சினைப்பையையும் எடுப்பீர்களா என்று கேளுங்கள். அதையும் எடுத்தால் தொந்தரவு தீர்வதில்லை, மெனோபாஸ் ஒரே நாளில் தலையில் இறங்கிவிடும். ரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தாலோ, மாதவிடாய் நின்று 12 மாதம் கழித்து மறுபடி ரத்தம் பட்டாலோ தாள் சேர்க்கக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலும் அதே அவசரம்தான். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஒரு இரண்டரை மணிக்கு நானே கூப்பிட்டிருக்கிறேன்.

வீட்டில் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "நாங்கெல்லாம் இதைச் சொல்லிட்டா இருந்தோம்" என்று மாமியார் ஆரம்பித்தபோது நான் வாதாடவில்லை. ராத்திரி வேர்த்ததா என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். மறுநாளிலிருந்து காலை மிக்ஸி அவர் பொறுப்பு, நான் வாசலில் நிற்கும்போது ஓட்டிவிடுவார். கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் சமையல் அவருடையது.

கடைசியாக, டாக்டரைப் பார்க்கும் நாளில் அந்த ஒற்றைப் பக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற ஆள் நான். இரண்டு தடவை நடந்துவிட்டது. இப்போது முந்தின ராத்திரியே அதை மடித்துச் செருப்புக்குள் வைத்துவிடுகிறேன்.