ஆட்டத்தின் நடுவே அறுந்துபோகும் வீட்டு இணையம்: பழுது எங்கே என்று கண்டறியும் முறை

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் குறையாமல் காட்டுகிறது, யூடியூப் காணொளியும் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் வேலரண்ட், பிஜிஎம்ஐ போன்ற இணைய வழி ஆட்டங்களை ஆடும்போது மட்டும் எதிரில் வருபவர் அப்படியே உறைந்து நிற்கிறார். சில நொடிகளில் இணைப்பு துண்டிக்கப்பட்டதாக அறிவிப்பு வருகிறது. இந்த நிலையில் பலர் முதலில் செய்வது, இன்னும் வேகமான திட்டத்துக்குப் பணம் கட்டுவது. அந்தப் பணம் பெரும்பாலும் வீணாகிறது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

காணொளி தனக்குத் தேவையான தரவைப் பல நொடிகளுக்கு முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்கிறது. இடையில் ஓரிரு நொடி இணைப்பு அறுந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஆட்டத்தில் அப்படி முன்னதாகச் சேமித்து வைக்க எதுவுமில்லை, ஏனெனில் எதிராளியின் அடுத்த அசைவு இன்னும் நிகழவே இல்லை. வேலரண்டின் சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. இதற்குச் செலவாகும் தரவு மிகக் குறைவு. ஆனால் அது இடைவிடாமலும் சீரான தாமதத்துடனும் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே நாம் தேட வேண்டியது வேகக் குறைவை அல்ல, தொடர்ச்சி எந்த இடத்தில் அறுகிறது என்பதை.

கணினியிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரை, அங்கிருந்து ஆட்டத்தின் சர்வர் வரை என்று இந்தப் பாதையை மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டில் பழுது என்று தெரியாமல் ரவுட்டரை மாற்றுவதும், அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதும் குழப்பத்தை மேலும் கூட்டும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் சாளரங்கள் இரண்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் பிங் கட்டளையை இடைவிடாமல் ஓடவிடுங்கள். ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி, விடை வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்டுவதே பிங். ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கட்டளையின் இறுதியில் ஒரு சிறு கோடும் ஆங்கில ‘t’ எழுத்தும் சேர்த்தால் (ping 8.8.8.8 -t), நீங்கள் நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வழக்கம்போல் ஆடுங்கள். ஆட்டம் தடைபட்ட உடனே இரண்டு சாளரங்களையும் பாருங்கள்.

ரவுட்டருக்கான பிங்கிலேயே விடை வராமல் போனாலோ, 2 அல்லது 3 மில்லிநொடியில் இருந்தது திடீரென நூற்றுக்கணக்கில் ஏறினாலோ, பழுது வீட்டுக்குள்தான் இருக்கிறது. இணைய நிறுவனத்தை அழைப்பதில் பயனில்லை. ரவுட்டர் ஒழுங்காக விடை தந்து, 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் பழுது ரவுட்டருக்கு வெளியே, நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. இரண்டும் சீராக ஓடிக்கொண்டிருக்க ஆட்டம் மட்டும் அறுந்தால், சர்வரையோ அதற்குப் போகும் வழியையோ சந்தேகிக்க வேண்டும். தடை ஏற்பட்ட நேரத்தைக் குறித்து வைப்பதும் அவசியம், ஏனெனில் பல பழுதுகள் நேரத்தைக் கொண்டே தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. இரவு 8 மணி முதல் 11 மணி வரை மட்டும் வருவது நெரிசலின் அடையாளம். மழை நாளில் மட்டும் வருவது வெளிக்கம்பியின் இணைப்பில் ஈரம் இறங்குவதைச் சுட்டுகிறது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் வருமானால், காரணம் பெரும்பாலும் மின்சாரம்தான்.

வைஃபை

என் கருத்தில் வீட்டுக்குள் நிகழும் பழுதுகளில் பெரும்பகுதி வைஃபையால் வருவது. அதை உறுதி செய்துகொள்ளும் எளிய வழி, லேன் கேபிளால் கணினியை ரவுட்டருடன் நேரடியாக இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு ஆடிப் பார்ப்பது. அறுதல் நின்றுவிட்டால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முடிந்தால் அந்தக் கேபிளை நிரந்தரமாகவே விட்டுவிடுங்கள். கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும், எந்த விலையுயர்ந்த ரவுட்டரும் அதற்கு ஈடாகாது. கேபிள் போட்ட பிறகும் சிக்கல் தொடர்ந்தால், விண்டோஸில் இணைப்பின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். இரு பக்கமும் ஜிகாபிட் கருவிகளாக இருந்தும் 100 என்று காட்டினால், ஒரு ஜோடியாவது அறுந்திருக்கிறது அல்லது முனையில் சரியாகப் பொருந்தவில்லை.

கேபிள் இழுக்க வழியே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே முதலில் அலைவரிசையைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீடுகளின் ரவுட்டர்கள் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. எனவே ஆடுவதற்கு 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். அது கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வெகுவாக வலுவிழக்கும் என்பதால், ரவுட்டர் அதே அறையிலோ ஒரே ஒரு சுவருக்கு அப்பாலோ இருக்க வேண்டும். அலைபேசியில் ஒரு வைஃபை ஆய்வுச் செயலியை நிறுவி, ஆடும் இடத்தில் அலையின் வலுவைப் பாருங்கள்: மைனஸ் 67 டெசிபல்-மில்லிவாட் அல்லது பூஜ்யத்துக்கு அதைவிட நெருக்கமான அளவு வேண்டும். மைனஸ் 75ஐத் தாண்டிச் சரிந்தால் தடையில்லா ஆட்டத்தை எதிர்பார்க்க முடியாது. தொலைக்காட்சி அலமாரிக்குள்ளும் இரும்புப் பீரோவுக்குப் பின்னாலும் ரவுட்டரை வைப்பவர்கள் இன்னும் ஏராளம். அதை வெளியே எடுத்து உயரத்தில் வைப்பதொன்றே பல வீடுகளில் போதுமானதாக இருக்கும்.

இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், கருவி ஆட்டத்தின் நடுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடும். அந்தத் தாவலே சில நொடித் தடையாகத் தெரியும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, கணினியில் 2.4இன் பெயரை மறக்கச் செய்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸின் சேனலையும் ஒருமுறை பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை; ரேடார் அலை என்று ரவுட்டர் கருதிவிட்டால் உடனே அந்தச் சேனலை விட்டு விலகிவிடும், எல்லாக் கருவிகளும் இணைப்பை இழக்கும். 36 முதல் 48 வரை உள்ள ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

மடிக்கணினியில் வேறொரு காரணமும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் மின்சேமிப்புப் பகுதிக்குச் சென்று, மின்சாரத்தை மிச்சப்படுத்த இக்கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள். அலைபேசியில் ஆடுபவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: டைப்-சி முனையில் பொருத்தும் லேன் அடாப்டரைப் பெரும்பாலான புதிய ஆண்ட்ராய்டு பேசிகள் ஏற்கின்றன.

வீட்டிலுள்ள மற்றவர்கள் இணையத்தை என்ன செய்கிறார்கள்

வைஃபை சரியாக இருந்தும், வீட்டில் யாராவது நிழற்படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றும்போதோ பெரிய கோப்பை அனுப்பும்போதோ 8.8.8.8க்கான பிங் 20இலிருந்து 300, 400 என்று உயர்கிறதா என்று பாருங்கள். இதை ஆங்கிலத்தில் பஃபர்ப்ளோட் என்கிறார்கள். ரவுட்டர் தன்னிடம் வந்து குவியும் தரவையெல்லாம் நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் பத்துப் பேருக்கான அட்டைகளோடு முன்னே நின்றால், உப்பு வாங்க மட்டும் வந்தவரும் காத்திருக்க வேண்டியிருப்பதுபோல, ஆட்டத்தின் சிறு தரவுப் பொட்டலமும் (பாக்கெட்) அந்த வரிசையில் சிக்கிக்கொள்கிறது. வேகமான திட்டம் இதைக் குறைக்கலாமே தவிர முழுதாகத் தீர்க்காது. ரவுட்டரில் தரவு வரிசையை முறைப்படுத்தும் எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் என்ற அமைப்பு இருந்தால், ஏற்றும் வேகத்தையும் இறக்கும் வேகத்தையும் உண்மையில் கிடைப்பதில் 85 முதல் 90 விழுக்காடு அளவுக்கு வரம்பிடுங்கள். வரிசை நிறுவனத்தின் கருவியில் சேராமல் உங்கள் ரவுட்டரிலேயே முறைப்படுத்தப்படும். நிறுவனம் கொடுக்கும் கருவிகள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. அப்போது படங்கள் ஏறுவதை ஆடாத நேரத்துக்கு ஒத்திவைப்பதும், ஆட்டங்களை இறக்கித் தரும் ஸ்டீம் செயலியில் ஆட்டத்தின்போது பதிவிறக்கம் நடக்காதபடி அமைப்பதும்தான் வழி.

ரவுட்டருக்கு வெளியே

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இரண்டு காலக்கணக்குகள் இருக்கும்: கருவி எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்பது ஒன்று, இணைய இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பது மற்றொன்று. இணைப்பு அறுந்த உடனே பார்க்கும்போது முதல் கணக்கே சில நிமிடங்களைத்தான் காட்டுகிறது என்றால், ரவுட்டர் தானாகவே அணைந்து எழுகிறது. பழைய மின் அடாப்டர் அல்லது மிகையான வெப்பம் காரணமாக இருக்கலாம். அடாப்டரை மாற்றும்போது அதே வோல்ட்டும், அதே அளவோ கூடுதலோ ஆன ஆம்பியரும் உள்ளதை வாங்குங்கள். மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தெழுவதும் இதே விளைவைத் தரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதிலுள்ள தேர்வுப் பொத்தானை யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். பேட்டரிக்கு மாறும் இடைவெளி சுருங்கும். இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் போதும்.

கருவி நாள்கணக்கில் இயங்கிக்கொண்டிருக்க, இணையக் கணக்கு மட்டும் புதிதாகத் தொடங்குகிறது என்றால் ஃபைபரைப் பார்க்க வேண்டும். அறுந்த நேரத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். நிலைப் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் வலுவும் பதிவாகியிருக்கும். ஜிபான் எனப்படும் ஃபைபர் இணைப்பு முறையின் கருவிகள் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டெசிபல்-மில்லிவாட் வரை ஏற்கும். மைனஸ் 25ஐத் தாண்டிக் கீழே சரிந்துவிட்டால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது, சிறு ஈரமோ வெப்பமோ அதைத் தள்ளிவிடும். நாற்காலிக் காலுக்கடியிலோ கதவிடுக்கிலோ கம்பி நசுங்கியிருக்கிறதா, சுவர் மூலையில் கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று தேடுங்கள். முனைகளின் நிறத்தையும் பாருங்கள்: பச்சை முனை பச்சையோடும் நீலம் நீலத்தோடும்தான் சேர வேண்டும், மாற்றிச் செருகினால் ஒளி வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அதிலுள்ள லேசர் கண்ணுக்குப் புலப்படாதது, விழித்திரைக்குக் கேடு விளைவிக்கக்கூடியது. மின்கம்பங்கள் வழியே வரும் கம்பியை அணில் கடிப்பதும் மரக்கிளை உரசுவதும் நம் ஊர்களில் வழக்கமான காரணங்கள். அவற்றைச் சரிசெய்வது லைன்மேனின் வேலை.

ஒளியின் வலு நன்றாக இருந்தும் மாலையில் மட்டும் சிக்கல் வந்தால் அது நெரிசல். ஜிபான் முறையில் ஒரே இழையின் சுமார் 2.5 ஜிகாபிட் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் கூடப் பகிர்ந்துகொள்ளக்கூடும். நிறுவனத்தின் மேல்நிலை இணைப்பிலும் நெரிசல் ஏற்படலாம். இதை வீட்டிலிருந்து தீர்க்க இயலாது.

மூன்றாவது துண்டைப் பற்றிச் சொல்வதற்குக் குறைவே இருக்கிறது. ஆட்டத்தின் அமைப்பில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுங்கள். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி போய்த் திரும்பவே குறைந்தது 10 மில்லிநொடி ஆகும் என்பதால், 25 அல்லது 30 வருவதைக் குறையென்று கருத வேண்டாம். சர்வர் வரையிலான வழியிலுள்ள கணுக்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டும்போது இடையிலுள்ள ஒரு கணு விடை தரவில்லை என்றால் பதற வேண்டாம். பல ரவுட்டர்கள் இத்தகைய கேள்விகளுக்கு விடை தராதபடி அமைக்கப்பட்டிருக்கின்றன. விடை வராமல் போவது அந்தக் கணுவில் தொடங்கி இறுதி வரை நீடித்தால் மட்டுமே அது உண்மையான பழுது. தரவை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன், உங்கள் இணைய நிறுவனத்தின் வழி மோசமாக இருக்கும்போது மட்டும் உதவும். மற்ற நேரங்களில் தாமதத்தைக் கூட்டவே செய்யும்.

பழுது நிறுவனத்தின் பக்கம்தான் என்று உறுதியானால், ‘நெட் சரியில்லை’ என்று மட்டும் புகார் சொல்லாதீர்கள். கேபிள் வழியாக இணைத்த கணினியில் ரவுட்டர் பிங் சீராகவும் 8.8.8.8 பிங் அறுந்தும் இருப்பதைக் காட்டும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), தேதி, நேரம், ஒளியின் வலு ஆகியவற்றை எழுத்தில் அனுப்பிப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். வந்து பார்ப்பவர் பகலில் வேகச் சோதனை ஓட்டிக் காட்டிவிட்டுப் புகாரை முடிக்கக் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சிக்கல் வரும் அதே மாலை நேரத்தில், அதே இரண்டு பிங்குகளை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். சரியாகாமலே முடித்துவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். அந்தப் புகார் எண்ணோடு, கட்டணம் ஏதுமின்றி, அவரிடம் முறையிடலாம்.