பத்திரத்துல விலையைக் கொறச்சுப் போடாதீங்க: மொத மனை வாங்குறவங்க பண்ற தப்புகள்

போன மாசம் எங்க அக்கா பையன் கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு மனை முடிக்கப் போறேன்னு வந்து நின்னான். விலை 40 லட்சம், ஆனா பத்திரத்துல கைட்லைன் வேல்யூ, அதாவது அந்த இடத்துக்கு அரசாங்கம் வச்சிருக்கற மதிப்பு, 24 லட்சம் மட்டும் போட்டுக்கலாம் மாமா, மிச்சம் 16ஐ கேஷா குடுத்துட்டா பத்திரச் செலவு கொறையும்னு ப்ரோக்கர் சொல்றார்னான். கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. மொத தடவை இடம் வாங்குறவங்க பண்ற தப்புலயே பெரிய தப்பு இதுதான், அதையும் காசு மிச்சம் புடிக்கிறோம்னு நெனச்சே பண்றாங்க.

அவன் நோட்டுலயே கணக்கு போட்டுக் காட்டினேன். நம்மூர்ல மனைக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. 16 லட்சத்த மறைச்சா இன்னைக்கு மிச்சம் 1 லட்சத்து 44 ஆயிரம். அஞ்சு வருஷம் கழிச்சு 60 லட்சத்துக்கு விக்கிறான்னு வச்சுக்கோங்க, நெஜ லாபம் 20 லட்சம்தான், ஆனா இன்கம்டாக்ஸ்ல பாக்கறது பத்திரத்த, அதுல வாங்கின விலை 24ன்னு இருக்கு, அப்ப லாபம் 36 லட்சம். லாபத்துக்கு 12.5% வரின்னா 2.5 லட்சம் கட்ட வேண்டியவன் 4.5 லட்சம் கட்டணும், அதுக்கு மேல செஸ்ங்கற கூடுதல் வரி தனி. விலைவாசிக்கு ஏத்தபடி கூட்டிக்கிற இண்டெக்சேஷனும் 2024 ஜூலை 23லேர்ந்து வாங்குற இடத்துக்குக் கிடையாது. இதுல இன்னொண்ணு, பத்திரச் செலவையும் வாங்கின விலையோட சேத்துக் காட்டலாம், அதனால இன்னைக்கு ஒழுங்கா கட்டுற 9% முழுசா வீணாப் போறதில்ல.

சரி, நானும் விக்கும்போது கேஷ் வாங்கிக்கிறேன்னான். இடத்துக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கினா அந்தக் கேஷ வாங்கினவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் வரும்டா, அதுவும் இல்லாம பேங்க் லோன்ல வாங்க வர்றவர் எங்கேர்ந்து கேஷ் குடுப்பார்னு கேட்டேன், பேசாம உக்காந்துட்டான்.

அடுத்தது அவசரம். வாங்கி 24 மாசம் தாண்டினாதான் அந்த 12.5% வரி, அதுக்குள்ள வித்தா லாபம் மொத்தமும் சம்பளத்தோட சேந்து ஸ்லாப் ரேட்ல, அதாவது வருமானத்துக்கு ஏத்தபடி ஏறுற வரி வீதத்துல, போகும். 30% ஸ்லாப்ல இருக்கறவங்க 22ஆவது மாசம் நல்ல விலை வருதேன்னு வித்துட்டு அப்புறம் ஆடிட்டர் முன்னாடி தலையில கை வச்சு உக்காந்திருக்கறத பாத்திருக்கேன்.

விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா வாங்குற நீங்கதான் ஓனருக்குக் குடுக்கற பணத்துல 1% வரிய (டிடிஎஸ்) புடிச்சு, புடிச்ச மாசம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள அரசாங்கத்துக்குக் கட்டணும். புருஷன் பொண்டாட்டி பேர்ல ஆளுக்கு 30 லட்சம்னு பிரிச்சா வராதுன்னு சொல்வாங்க, நம்பாதீங்க, இப்ப மொத்த விலையத்தான் பாப்பாங்க. ஓனர் என்ஆர்ஐன்னா, அதாவது வெளிநாட்டுல குடியிருக்கறவர்னா, 1% கதையே இல்ல, அங்க புடிக்கிற ரேட் ரொம்ப அதிகம், ஆடிட்டர கேக்காம அட்வான்ஸ் கூட குடுக்காதீங்க.

வெறும் மனைக்கு லோன் போட்டா வரி மிச்சம்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. வீடு கட்டாத வரைக்கும் அந்த வட்டிய ஹோம் லோன் வட்டி மாதிரி வருஷா வருஷம் கழிக்க முடியாது.

பேப்பர் விஷயத்துல வில்லங்கச் சான்று, அதாவது அந்த இடத்து மேல நடந்த பதிவுகளோட பட்டியல், மட்டும் பாத்துட்டு கெளம்பிடாதீங்க. பதிவு பண்ணாத உயில் அதுல வராது. தாய்ப்பத்திரத்தோட, அதாவது ஓனருக்கு முன்னாடி அந்த இடம் கைமாறின பழைய பத்திரத்தோட, ஒரிஜினல கையில வாங்கிப் பாருங்க, ஜெராக்ஸ் காட்டினா ஒரிஜினல் எங்கன்னு கேளுங்க. பட்டா ஒருத்தர் பேர்ல மட்டும் இருக்கற தனிப்பட்டாவா, பல பேர் பேர்ல இருக்கற கூட்டுப்பட்டாவான்னு பாருங்க. ஓனருக்குப் பதிலா வேற ஒருத்தர் பவர் பத்திரம் வச்சு விக்கிறாங்கன்னா பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரான்னு நேர்ல போய்ப் பாத்தே ஆகணும், அவர் போய்ட்டா பவரும் போச்சு. லேஅவுட்டுக்கு, மனைப் பிரிவுகளுக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்புகளான சிஎம்டிஏ இல்ல டிடிசிபியோட அப்ரூவல் நம்பர் கேளுங்க, 2016ல ஹைகோர்ட் அப்ரூவல் இல்லாத மனைப் பதிவ நிறுத்தினப்ப எத்தனையோ பேர் பணத்தப் போட்டுட்டு விக்கவும் முடியாம கட்டவும் முடியாம நின்னாங்க.

இடத்த வெயில்ல மட்டும் பாக்காதீங்க. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் எப்படி மூழ்கிச்சுன்னு நமக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகைல ரெண்டு நாள் மழை அடிச்ச மறுநாள் காலைல போய் நில்லுங்க, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுல தண்ணிக் கறை எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க, பக்கத்து டீக்கடைக்காரர்கிட்ட கேளுங்க, ப்ரோக்கர் சொல்லாதத அவர் சொல்வார்.

நேத்து அக்கா பையன் போன் பண்ணான். முழு விலையும் பேங்க் மூலமா வாங்கிக்க ஓனர் ஒத்துக்கலையாம். ஊரப்பாக்கம் பக்கம் வேற மனை பாக்கப் போறான், ஞாயித்துக்கெழம நானும் கூடப் போறேன்.